ஸ்கெலிட்டன் பே போகிறீர்களா? டிக்கெட்டைக் கடைசியில் போடுங்கள்

நமீபியாவில் வால்விஸ் பே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அலைச்சறுக்கு இடத்தின் இடது அலைக்கு (சறுக்குபவர் தன் இடப்பக்கமாகப் போகும் அலை), தேதியை முடிவு செய்துவிட்டுக் கிளம்பினால் ஏமாற்றம்தான். தென் அட்லாண்டிக்கில் பெரிய புயல் கிளம்பி, தென்மேற்கிலிருந்து நீண்ட இடைவெளியுள்ள கனமான அலைகள் வந்தால் மட்டுமே அவை மணல்திட்டைச் சுற்றி வளைந்து ஒழுங்காக உடையும், இல்லையென்றால் கரையோரம் நுரைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாய்ப்பு அதிகம். அப்போதும் நல்ல நாட்கள் சில மட்டுமே, அதனால் முன்னறிவிப்பைப் பார்த்த பிறகே டிக்கெட்.

பெங்குவேலா நீரோட்டத்தால் தண்ணீர் நடுங்க வைக்கும், 4/3 வெட்சூட் (உடம்பில் 4 மி.மீ., கை கால்களில் 3 மி.மீ. தடிமனுள்ள, குளிர் தாங்கும் ரப்பர் உடை) கட்டாயம். காலையில் மூடுபனி. மணலில் ஓட்ட நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும், டயரில் காற்றைக் குறைத்துவிடுங்கள், குடிநீரும் கையோடு வேண்டும்.

அலை அவ்வளவு வேகம். முழங்கால் ஆழத்தில் மணல் கலங்கிப் பழுப்பாகச் சுழல்வது பலகைக்குக் கீழேயே தெரியும், விழுந்தால் தோள் நேராக அதில்தான் மோதும். கரையோரமாக இழுக்கும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாதீர்கள். கரையேறி, பலகையைத் தூக்கிக்கொண்டு, கடல்நாய்க் (சீல்) கூட்டத்தை ஒதுங்கிக் கடந்து மணலில் திரும்பி நடப்பதுதான் வழி. ஒரு கிலோமீட்டருக்கு மேலாகும் அந்த நடைக்கும் கால்களில் தெம்பு மிச்சம் இருக்கட்டும்.