வெள்ளைச் சட்டைக்காரி

பாரிசுக்கு வந்த புதிதில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போகிற நம்மவர்களை ஒரு படம் திடுக்கிட வைக்கும். தோட்டத்து நிலத்தில் குடையோடு ஒருத்தி இருக்கிறாள். மடியில் பூ, உடுப்போ வெள்ளை. ‘ஆர் செத்தது?’ என்றுதான் வாயில் வரும். வெள்ளைச் சேலையை எந்த முற்றத்தில் பார்த்துப் பழகினோமோ, கண் அங்கேதான் போய் நிற்கும். இங்கே 1866இல் அது வெயில்காலத்து நாகரிகம், அவ்வளவுதான்.

ஓவியர் குளோட் மோனேயின் ‘தோட்டத்தில் பெண்கள்’. உயரம் இரண்டரை மீற்றர். அதைத் தோட்டத்திலேயே நிறுத்தி வரையத் தொடங்கினார். மேற்பாதிக்கு ஏணியில் ஏறினால் பார்க்கும் கோணம் மாறிவிடும். அதனால் நிலத்தில் கிடங்கு வெட்டி, கப்பி போட்டுப் படத்தையே கீழே இறக்கினார்.

முதலில் தள்ளி நின்று பாருங்கள். பிறகு கிட்டப் போய் அந்தப் பாவாடையை மட்டும் பாருங்கள். மரநிழல் விழுந்த இடத்தில் கறுப்போ சாம்பலோ இல்லை, நீலம். வானத்தின் வெளிச்சம் நிழலுக்குள்ளும் இறங்கும் என்பதை அவர் கண்டபடியே தீட்டியிருக்கிறார். முகங்களில் கதை தேடினால் ஏமாற்றம்தான், அவை அரைகுறை. காதலனும் இல்லை, கடிதமும் இல்லை. காதல் இருப்பது படத்துக்கு வெளியே: பெரும்பாலான உருவங்களுக்கு நின்றுகொடுத்தவள் அவருடைய காதலி காமிய். 1870இல் கலியாணம், 1879இல் அவள் இறந்துபோனாள். அதை அறிந்தபின் அந்த வெள்ளை மறுபடி பழைய முற்றத்துக்கே இழுக்கும்.

1867இல் அரச கண்காட்சி இதை ஏற்கவில்லை. நண்பர் பசீய் 2500 பிராங்குக்கு வாங்கினார், மாதம் 50 பிராங் தவணையில். ஐம்பது மாதச் சீட்டு! பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில் எவருக்கும் விளக்கத் தேவையில்லாத கணக்கு. 1921இல் அதே படத்துக்கு அரசு கொடுத்தது 200,000 பிராங்.

மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

வெள்ளை உடுப்பும் நீல நிழலும் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான்: நாலு பெண்கள், இவ்வளவு பூ, ஒருத்திகூடக் கொண்டையில் வைக்கவில்லை. ஒருத்தி பூங்கொத்துக்குள் முகத்தைப் புதைக்கிறாள். வலப்பக்கத்துக்காரி மரத்துக்குப் பின்னால் ரோசாச் செடிக்குக் கை நீட்டுகிறாள். நல்லவேளை, படத்தில் பகல் வெயில். பொழுதுபட்டிருந்தால் அம்மம்மா பறிக்க விட்டிருக்கமாட்டா.