ஒற்றை உள்நுழைவு: எங்கள் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த விதம்

கல்வியாண்டின் முதல் இரண்டு வாரங்கள் எங்கள் கணினி மையத்தில் வேறு வேலையே நடக்காது. மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித் தரச் சொல்லி வாசலில் மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். மின்னஞ்சல், மூடில் என்ற இணையவழிப் பாடத்தளம், நூலகம், கட்டணம், தேர்வு விண்ணப்பம் என ஐந்து இடங்களுக்கு ஐந்து கடவுச்சொற்கள். பலர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்தார்கள். ஓரிடத்தில் அது கசிந்தால் ஐந்து கதவுகளும் திறந்துகொள்ளும். ஓரிடத்தில் ஒருமுறை நுழைந்தாலே எல்லாச் சேவைகளும் திறக்கும் ஒற்றை உள்நுழைவு வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு எந்த மென்பொருள் வேண்டும் என்பதை முடிவு செய்யத்தான் எட்டு மாதங்கள் பிடித்தன.

மென்பொருள்களின் வசதிகளை ஒப்பிட்டு முதலில் பெரிய அட்டவணை ஒன்று தயாரித்தேன். எல்லாவற்றுக்கும் எதிரே 'உண்டு' என்றே நிரம்பியது. அதை வைத்து எதையும் கழிக்க முடியவில்லை. பிறகுதான் எங்களிடம் ஓடும் சேவைகளைப் பட்டியலிட்டு, உள்நுழைவுத் தகவலைப் பரிமாறும் எந்த நெறிமுறையை ஒவ்வொன்றும் ஏற்கும் என்று எழுதத் தொடங்கினோம். மூடில் எதற்கும் இணங்கும். நூலகத்தின் கோஹா மென்பொருளை சிஏஎஸ் வழியாக இணைக்கலாம். புதிய மாணவர் செயலிக்கு ஓப்பன்ஐடி கனெக்ட் தேவை. தேர்வுப் பிரிவின் பழைய மென்பொருளுக்கு பயனர் விவரக் கோவையிடம் நேரே கேட்கும் எல்டாப்பைத் தவிர எதுவும் தெரியாது. சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஒரு சேவை, எஸ்ஏஎம்எல் என்ற இன்னொரு நெறிமுறையின் இணைப்பைத் தன் விலை உயர்ந்த திட்டத்தில் மட்டுமே வைத்திருந்தது. அந்தக் கூடுதல் செலவு எங்கள் கணக்கில் அதுவரை இல்லை.

இந்தப் பட்டியலைப் பேசிய கூட்டத்தில் நூலகர் ஒரு கேள்வி கேட்டார்: "ஆய்வு மாணவர் வீட்டிலிருந்து மின்னிதழைத் திறக்க முடியுமா?" பதிப்பகங்கள் எங்களை வளாகத்தின் ஐபி முகவரியை வைத்தே அடையாளம் கண்டுவந்தன. வளாகத்தை விட்டு வெளியே போனால் கட்டுரையும் எட்டாது. இதைத் தீர்க்கும் வழி, கல்வி நிறுவனங்களும் பதிப்பகங்களும் ஒன்றையொன்று நம்பும் கூட்டமைப்பில் சேர்வது. நாட்டுக்கு நாடு இயங்கும் அத்தகைய கூட்டமைப்புகளை எடுகெயின் என்ற பன்னாட்டு அமைப்பு இணைக்கிறது. அந்த ஒரு கேள்வி எங்கள் மென்பொருள் பட்டியலைச் சல்லடையில் போட்டுச் சலித்துவிட்டது.

மேகச் சேவை ஒன்றை முதலில் தள்ளினோம். அதன் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. முன்னாள் மாணவர்களையும் சேர்த்தால் தொகை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். கீகிளோக் என்ற திறமூல உள்நுழைவு மென்பொருளை விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரே பிற்பகலில் நிறுவி மூடிலை இணைத்துவிட்டேன். ஆனால் கூட்டமைப்பு தரும், உறுப்பினர்களின் இணைப்பு விவரங்கள் அடங்கிய மெட்டாடேட்டா கோப்பில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் இருக்கும். அதை அப்படியே உள்வாங்க கீகிளோக் வடிவமைக்கப்படவில்லை. ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஷிபொலெத் என்ற மென்பொருளோ, அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் வலைப்பின்னல் அமைப்பான இன்டர்நெட்2-இன் முயற்சியாகப் பல்கலைக்கழகங்களின் இதே தேவைக்காக 2000-களின் தொடக்கத்தில் பிறந்தது. எஸ்ஏஎம்எல், சிஏஎஸ் இரண்டும் அதிலேயே உண்டு. ஓப்பன்ஐடி கனெக்டுக்குத் தனியே சேர்க்கும் செருகுநிரல் இருக்கிறது. அமைப்புக் கோப்புகள் கடினமானவை, மறைக்கவில்லை. அதனால் இருவர் முழுமையாகக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஒதுக்கினால் மட்டுமே இதைத் தேர்ந்தெடுப்போம் என்று எழுதிக் கொடுத்தோம். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. தேர்வுப் பிரிவின் மென்பொருளில் மட்டும் உள்நுழைவுப் பக்கம் தனியாகவே நிற்கிறது. கடவுச்சொல் பொதுவான எல்டாப்பிலிருந்து சரிபார்க்கப்படுகிறது.

நான் விட்டுக்கொடுக்க மறுத்தது ஒன்று உண்டு. தொடக்க வரைவில் எல்லாச் சேவைகளுக்கும் பெயர், மின்னஞ்சல், பதிவு எண் மூன்றும் போவதாக இருந்தது. 'இவர் இந்த நிறுவனத்தின் உறுப்பினர்' என்று சொன்னாலே பதிப்பகம் கதவைத் திறக்கும். அதற்கு மேல் தேவையென்றால் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் வேறுபடும், பெயரைக் காட்டாத புனைஅடையாளம் போதும். ஒரு மாணவி மனநலம் பற்றியோ மதம் பற்றியோ எதைப் படிக்கிறாள் என்பதை வெளியில் ஒருவரும் அவள் பெயரோடு சேர்த்து வைக்கக் கூடாது. இதற்காக இரண்டு கூட்டங்கள் வாதாடினேன். இன்னொரு முறை நேர்ந்தாலும் வாதாடுவேன்.

எல்லாவற்றையும்விட அதிக உழைப்பை வாங்கியது ஆட்களின் பட்டியல். பதிவு எண்ணையே பயனர்பெயராக வைத்திருந்தோம். இளங்கலை முடித்து முதுகலையில் சேர்ந்தவருக்குப் புது எண் வந்தது. அமைப்பின் கண்ணுக்கு அவர் புது ஆள். பழைய கோப்புகள் ஒருபுறம், புதிய பாடங்கள் மறுபுறம். ஆய்வு மாணவராகவும் பகுதிநேர ஆசிரியராகவும் இருப்பவர் இரண்டு அலுவலகங்களின் பதிவேடுகளில் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருந்தார். இறுதியில் ஒவ்வொருவருக்கும் எந்தப் பொருளும் இல்லாத, என்றும் மாறாத, வேறொருவருக்கு மறுபடி தராத ஓர் எண்ணை உள்ளே வைத்தோம். பெயரோ மின்னஞ்சலோ மாறினாலும் அது மாறாது. படிப்பை முடித்தவரின் கணக்கு எந்த நாளில் எந்தச் சேவையிலிருந்து விலகும் என்பதைப் பதிவாளர் அலுவலகமே தீர்மானித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எந்த மென்பொருளும் அதைச் சொல்லாது.

சோதனை ஓட்டத்தில் ஆய்வகக் கணினி ஒன்றில் நடந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு மாணவர் மூடிலில் 'வெளியேறு' என்று அழுத்திவிட்டு எழுந்து போனார். அடுத்து அமர்ந்தவர் நூலகப் பக்கத்தைத் திறந்தார். முந்தையவரின் பெயரிலேயே உள்ளே போனார். மூடிலை விட்டு வெளியேறியபோதும் மைய உள்நுழைவு உயிரோடுதான் இருந்தது. எல்லாச் சேவைகளிலிருந்தும் ஒரே அழுத்தலில் வெளியேற்றும் வசதி ஏட்டில் உண்டு, ஆனால் பாதிச் சேவைகள் அதை மதிப்பதில்லை. ஆய்வக உலாவிகளை மூடினால், உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கிகள் அனைத்தும் அழியும்படி மாற்றினோம். ஆளில்லாமல் சில நிமிடங்கள் கிடந்தால் கணினி தானே பயனரை வெளியேற்றுகிறது. ஆய்வகச் சுவர்களில் அறிவிப்பும் ஒட்டினோம்.

இப்போது பதினொரு சேவைகள் இணைந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒற்றை உள்நுழைவைச் சாராத நிர்வாகிக் கணக்கு ஒன்றை அவசரத்துக்கு விட்டு, அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம். மைய உள்நுழைவு அனுப்பும் தகவல் உண்மையானது என்று சேவைகளுக்கு உறுதிப்படுத்தும் கையொப்பச் சான்றிதழ் காலாவதியாகும் நாளை மூன்று பேரின் நாட்காட்டிகளில் குறித்தாயிற்று. அடுத்த மாதம் விடுதிக் கட்டண மென்பொருளை இணைக்க வேண்டும்.