வாட்ச்டாக் இருக்கிறது என்றேன்

“லிங்க் போர்டு உறைந்துபோனால் அதை யார் எழுப்புவார்கள், சார்?” இரு சிறு செயற்கைக்கோள்களை ஒன்றோடொன்று பேசவைக்கும், செயலியும் ரேடியோவும் அடங்கிய மின்சுற்றுப் பலகைதான் லிங்க் போர்டு. அதன் வடிவமைப்பு ஆய்வுக் கூட்டத்தில் அந்த இளம் பொறியாளர் கேட்டது இந்த ஒரு கேள்விதான். “வாட்ச்டாக் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பதில் பிழையானதல்ல, ‘இயங்குகிறேன்’ என்று சொல்லும் உயிர்க்குறி குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் வாட்ச்டாக் டைமர் செயலியை ரீசெட் செய்யும் என்பதைச் சோதித்தே பார்த்திருந்தோம். ஆனால் அவர் கேட்டது போர்டைப் பற்றி. நான் சொன்னது செயலியைப் பற்றி. இந்த வேறுபாடு அன்று எனக்கு உறைக்கவில்லையா, உறைத்தும் ஒதுக்கினேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவர் முன்வைத்தது, லிங்க் போர்டு இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து, வரம்பு மீறினால் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுக்கும் தனிச் சிறு மைக்ரோகண்ட்ரோலர். நான் மறுத்தேன். 10 செ.மீ. கனசதுரத்தை அலகாகக் கொண்ட கியூப்சாட் என்னும் சிறு செயற்கைக்கோளில் சூரியத் தகடுகள் தருவது சில வாட் மட்டுமே; எஸ்-பேண்ட் அலைவரிசையில் தரவை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இயங்கினால் அதில் மிஞ்சுவது சொற்பம். அதோடு, காவலுக்கு வைக்கும் சில்லும் கதிர்வீச்சுக்கு ஆட்படும் சில்லுதானே? இந்த வாதம் இன்றும் செல்லும் என்றே நினைக்கிறேன்.

ஏவிய சில வாரங்களில் இரு செயற்கைக்கோள்களுக்கும் இடையிலான இணைப்பு அடங்கிப்போனது. தரையோடு இரண்டும் நன்றாகவே பேசின. லிங்க் போர்டின் உயிர்க்குறியும் தவறாமல் வந்தது. அதுதான் எங்களைக் குழப்பியது. உயிர்க்குறியை அனுப்பிக்கொண்டிருந்தது டைமர் இண்டரப்ட், அதாவது முதன்மைப் பணி நின்றாலும் குறித்த இடைவெளியில் தானாக ஓடும் சிறு நிரல். ரேடியோவின் பதிலுக்காகக் காத்திருந்த முதன்மைப் பணி எப்போதோ நின்றுபோயிருக்க, வாட்ச்டாக் திருப்தியாக இருந்தது. தரையிலிருந்து ரீசெட் கட்டளை அனுப்பினோம். செயலி எழுந்தது; ரேடியோ எழவில்லை. மின்னோட்டம் வழக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக நின்றது. கதிர்வீச்சு பட்டுச் சில்லுக்குள் தேவையற்ற மின்பாதை திறந்து அப்படியே நின்றுவிடும் லாட்ச்-அப் என்றால், மின்சாரத்தை முழுதாக நிறுத்தாமல் அது விலகாது. ரேடியோவும் தரவு நினைவகமும் ஒரே மின்தடத்தில் இருந்ததால் இரண்டையும் சேர்த்தே அணைக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 95 நிமிடச் சுற்றில், தரைநிலையத்தின் பார்வைக்குள் வரும்போது கிடைக்கும் பத்து நிமிடத்துக்குள் அதைச் செய்து முடித்தோம். ரேடியோ மீண்டது, சேமித்த தரவு போனது. லாட்ச்-அப்தானா என்பதற்குச் சான்று இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும் மின்னோட்ட அளவைக் கொண்டு அதை நிறுவ முடியாது.

அடுத்த வடிவமைப்பில் அந்த மைக்ரோகண்ட்ரோலரைச் சேர்த்தேன், யாருடைய யோசனை என்று சொல்லாமலே. வெப்ப-வெற்றிடச் சோதனையில், மின்பெருக்கி விழிக்கும் நொடியில் எழும் மின்னோட்டத்தைக் கோளாறென்று எடுத்துக்கொண்டு அது இணைப்பை நடுவில் அறுத்தது. வரம்பை உயர்த்தினோம். பழைய செயற்கைக்கோளில் நாங்கள் கண்ட அந்தச் ‘சற்றே கூடுதல்’ இந்தப் புதிய வரம்புக்குக் கீழேதான் வருகிறது. ஆக, அவர் சொன்னதைச் செய்திருந்தாலும் அன்று பயன் இருந்திருக்காது என்று கொஞ்சநாள் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அண்மையில் வேறொன்றைத் தேடும்போது அவருடைய பழைய வரைபடம் கண்ணில் பட்டது. மின்னோட்ட வரம்புக்குப் பக்கத்தில், மின்பெருக்கி விழிக்கும் அந்தச் சில மில்லிநொடிகளைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதற்கான தாமதக் கட்டம் ஒன்றும் அதில் இருந்தது. அன்று அந்தப் பக்கத்தில் நான் அதைப் பார்த்ததாக நினைவில்லை.