கடைசி நான்கு வரி

பத்திரிகையில் துணை ஆசிரியராகச் சேர்ந்த இரண்டாவது வருடம். அக்டோபர் கடைசி வாரம் சீஃப் சப், அதாவது தலைமைத் துணை ஆசிரியர், கூப்பிட்டு, "தம்பி, நவம்பர் 1 பாகவதர் நினைவு நாள். அரைப் பக்கத்துக்கு ஒரு மேட்டர் குடு" என்றார். அந்தக் காலத்துப் பாடக நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதர் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா சவரம் செய்துகொண்டே முனகும் "மன்மத லீலை" பாட்டு மட்டும்தான்.

தேடிப் படித்ததில் தூக்கிவாரிப் போட்டது தேதிகள்தான். 1944 தீபாவளிக்கு அவர் நடித்த 'ஹரிதாஸ்' வெளியாகிறது. மூன்றே வாரத்தில், நவம்பர் 8 அன்று, நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்த லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்படுகிறார். மறுநாள் இறந்துபோகிறார். டிசம்பரில் அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது. 1945இல் ஆயுள் தண்டனை. வெளியே பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. அதில் இரண்டு தீபாவளிக்குப் படத்தின் நாயகன் சிறையில் இருந்தார்.

எழுதி முடித்தபோது எனக்கே பிடித்திருந்தது. சிறைக்குப் போனதும் நட்சத்திரம் விழுந்தது என்று உருகி எழுதி, கடைசிப் பத்தியில் வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனதையும், சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி விசாரித்து 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்ததையும் நான்கு வரியில் சொல்லியிருந்தேன்.

ராத்திரி பத்தரைக்கு ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. இடம் வேண்டும். பத்திரிகையில் வெட்டு என்றால் அடியிலிருந்துதான். முக்கியமானது மேலே இருக்கும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது பக்கம் அச்சுக்குப் போய்விட்டிருந்தது. கட்டுரை "ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது" என்பதோடு முடிந்திருந்தது. சரி, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

நான்காம் நாள் ஒரு தபால் அட்டை வந்தது. நடுங்கும் கையெழுத்து, பச்சை மை. "கோர்ட்டு விட்டுவிட்டது. நீங்கள் ஏனய்யா மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள்?" அவ்வளவுதான். கையெழுத்துக்குக் கீழே வயது 81 என்று மட்டும் போட்டிருந்தார்.

சீஃப் சப்பிடம் காட்டினேன். படித்துவிட்டு அட்டையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். திருத்தம் போட்டோம், மூன்று வரி, வரி விளம்பரங்களுக்குக் கீழே. போடாமல் இருந்ததைவிட அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது. நடிகர்களைப் பற்றி வாய்க்கு வந்ததை எழுதிய ஒருவரின் கொலையில் தொடங்கிய கதை அது. அதை எழுத உட்கார்ந்த நானும் ஒரு மனிதரைப் பாதிக் கதையில் விட்டிருந்தேன்.

அப்புறம்தான் நான் உருகி எழுதிய "சிறை அவரை அழித்தது" என்பதையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலைதான் என்.எஸ்.கே.வுக்கும். அவர் வெளியே வந்து 'நல்லதம்பி', 'மணமகள்' என்று மறுபடி மளமளவென்று வேலை பார்த்தார். பாகவதருக்கு 1948இல் வந்த 'ராஜமுக்தி'யே ஓடவில்லை. சிறை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பாட்டால் நின்ற நடிகர். 1952இல் 'பராசக்தி' வந்தபோது ஜனங்கள் தியேட்டரில் வசனத்துக்குக் கைதட்டிக் கொண்டிருந்தார்கள். அதே வருடம் வந்த பாகவதரின் 'அமரகவி'யை எத்தனை பேருக்கு இன்று ஞாபகம் இருக்கிறது? 1959இல் இறந்தபோது அவருக்கு 49 வயது. காலம் மாறியது என்று எழுதினால் சுவாரசியமில்லை. கொலை, சிறை என்றால் ஒரு பக்கம் தானாக நிறையும்.

அடுத்த வருடமும் நவம்பர் வந்தது. இம்முறை விடுதலையை முதல் வரியிலேயே வைத்தேன். சீஃப் சப் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "முடிவை மொதல்லயே சொல்லிட்டா எவன் படிப்பான்?" என்றார். "அடியில வெட்டினா அது போயிடுமே சார்" என்றேன். கண்ணாடிக்கு அடியில் இருந்த அட்டையை ஒரு தடவை பார்த்தார். வரியில் கை வைக்கவில்லை.

காலையில் பேப்பரைப் பிரித்தேன். முதல் வரி அப்படியே இருந்தது. அதற்கு மேலே, ஐந்து பத்தி அகலத்துக்கு, சீஃப் சப் வைத்த தலைப்பு: "கொலை வழக்கில் சிக்கிய சூப்பர் ஸ்டார்!"