ஊர் கெட்டுப்போச்சா? ஆட்கணக்கைப் பார்த்துச் சொல்லுவோம்

பழைய மாணவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சு வரும்: "நாங்கள் படித்த காலத்தில் ஊர் இப்படியா இருந்தது?" ஊரில் ஒரு வாள்வெட்டு நடந்தால் போதும், அது நாலு வாட்சப் குழுக்களில் நாலு சம்பவமாகிவிடும். குற்றப் புள்ளிவிபரத்தோடும் சனத்தொகைக் கணக்கோடும் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பதில் ஒரு பின்னம். மேலே தொகுதியில் சம்பவங்கள், கீழே பகுதியில் ஆட்கள். பகுதி பிழைத்தால் விடை முழுதும் பிழை என்பது பாடசாலைக் கரும்பலகையிலேயே நாம் படித்த பாடம்.

கொலையை எடுத்துக்கொள்வோம். 8,000 பேர் வாழும் ஊரில் வருடத்தில் ஒன்று நடந்தால் அது இலட்சம் பேருக்கு 12.5. இரண்டு நடந்தால் 25. ஐ.நா. கணிப்பின்படி 2021இல் உலகச் சராசரி 5.8. அதாவது ஒரே ஒரு சண்டை ஒரு சிற்றூரை உலகச் சராசரியின் இரு மடங்குக்கு மேல் ஏற்றிவிடும். மறு வருடம் பூச்சியம். இப்படிப்பட்ட ஊரின் ஒரு வருட வீதத்துக்குப் பொருளே இல்லை. சராசரி வருடத்துக்கு ஒன்று என்றால், ஊரில் எதுவுமே மாறாதபோதும் நூறு வருடங்களில் ஏறத்தாழ 37 வருடங்கள் கொலையின்றிப் போகும். அதே நூறில் ஏறத்தாழ எட்டு வருடங்களில், ஒவ்வொரு வருடமும் மூன்றோ அதற்கு மேலோ நடக்கும். பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் 1837இல், நீதிமன்றத் தீர்ப்புகளை ஆராய்ந்தபோது தந்த சூத்திரம் இதைத்தான் சொல்கிறது. ஆகவே ஐந்து வருடங்களையாவது சேர்த்து எண்ணுங்கள். மொத்தம் 20ஐத் தாண்டாதவரை வீதம் கணித்து மற்ற ஊரோடு ஒப்பிட வேண்டாம்.

அடுத்தது, யார் போனார்கள் என்பது. கொலை மிக அரிது என்பதால் இங்கே எல்லா வன்முறைச் சம்பவங்களையும் சேர்த்துக் கொள்வோம். ஒரு கற்பனை ஊர்: முன்பு 10,000 பேர், மூன்று வருடங்களில் 120 சம்பவங்கள். இப்போது 8,000 பேர், மூன்று வருடங்களில் 108. எண்ணிக்கை குறைந்தது என்று ஒருவர் சொல்வார். வருட வீதம் இலட்சத்துக்கு 400இலிருந்து 450 ஆனது என்று இன்னொருவர் சொல்வார். இருவருமே விடயத்தைத் தவறவிடுகிறார்கள். வன்முறையில் இறங்குவோர் பெரும்பாலும் இளைஞர் என்பதை பெல்ஜியத்தின் புள்ளிவிபர அறிஞர் கெத்தலே 1831இலேயே காட்டிவிட்டார். ஊரை விட்டுப் போவோரும் பெரும்பாலும் அவர்கள்தான். முன்பு 15 முதல் 34 வயது வரை 3,000 பேர் இருந்து 120இல் 90 சம்பவங்கள் அவர்களுடையவை, இப்போது அவர்கள் 1,800 பேர் மட்டுமே என்று வைப்போம். பழைய வீதப்படி அவர்களிடமிருந்து 54, மற்றவர்களிடமிருந்து ஏறத்தாழ 27, ஆக 81 சம்பவங்களே வந்திருக்க வேண்டும். வந்தது 108. மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! ஊர் சுருங்கியது உண்மையான ஏற்றத்தை மறைத்துவிட்டது. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: இளம் தொழிலாளர் வந்து குவியும் ஊரில் வீதம் ஏறும், ஆனால் எவரும் முன்பைவிட மூர்க்கமாகியிருக்க மாட்டார்கள்.

கொலை எண்ணிக்கையில் ஒளிந்திருக்கும் இன்னொரு பொறியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆள் குறைந்த ஊரில் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவு மூடப்படும், இரவு அம்புலன்ஸ் நிற்கும். அதே கத்திக்குத்து, அதே ஆழம்; முன்பு இருபது நிமிடத்தில் மேசைக்குப் போனவர் இப்போது ஒன்றரை மணித்தியாலம் வண்டியில் கிடந்து குருதி இழக்கிறார். பொலிஸ் பதிவில் கொலை முயற்சி கொலையாக மாறுகிறது. வன்முறை கூடவில்லை, காப்பாற்றும் வழி குறைந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கொலையைத் தனியாகப் பார்க்காமல், கொலையையும் கடும் காயங்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் எத்தனை பங்கு மரணம் என்று பாருங்கள். கூட்டுத்தொகை அசையாமல் மரணப் பங்கு மட்டும் ஏறினால் காரணம் தெருவில் இல்லை.

பொலிஸ் நிலையத்தின் எல்லையும் நகர எல்லையும் ஒன்றல்ல. சுற்றுக் கிராமங்களின் சம்பவங்களை நகரச் சனத்தொகையால் வகுப்பதுதான் நாம் காணும் மிகச் சாதாரணமான பிழை. சந்தை நாளில் வந்துபோகும் ஆட்களும் பகுதி எண்ணில் இல்லை.

குடிசனக் கணக்கெடுப்பு பொதுவாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட காலத்துக்கு நம் பாடசாலையே சாட்சி. முதலாம் வகுப்புச் சேர்வு இடாப்பும், வருடாவருடம் கொடுத்த விடுகைப் பத்திரங்களும் குடும்பங்கள் எப்போது வந்தன, எப்போது கிளம்பின என்று சொல்லும். இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் அந்த இடாப்பில் ஒரு வரி. பக்கத்தில் புதுப் பாடசாலை திறந்ததா என்று விசாரித்து, பிறப்பு வீதம் விழுந்ததா என்பதைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

பழைய மாணவர் சங்கம் தெருக் கமராவுக்குப் பணம் சேர்க்கும் முன் பத்து வருடச் சம்பவங்களுக்கு, பெயர்கள் இல்லாமல், திகதி, மணி, தெரு, ஆயுதம், இரு தரப்பின் வயது, உறவு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். வைத்தியசாலையின் காயப் பதிவையும் கேளுங்கள். பொலிசுக்குப் போகாத காயங்கள் அங்கே நிறைய. பாதி ஒரே சந்தியில் இரவு பத்துக்குப் பின் என்று வந்தால் அங்கே விளக்கும் ரோந்தும் உதவும். பாதி வீட்டுக்குள் என்று வந்தால் தெருக் கமராவால் பயன் இல்லை. அந்தக் காசு பெண்கள் தங்கும் பாதுகாப்பு இல்லத்துக்கும் இரவு அம்புலன்சுக்கும் போகட்டும்.