பெங்களூர் பஸ் வந்தால்தான் சதவீதம் ஏறும்

2024 நாடாளுமன்றத் தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடி அலுவலர் டியூட்டி வந்தது. கிராமத்துச் சாவடி என்றதும் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் மெடிக்கல் லீவ் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவ்வளவு பயப்பட ஒன்றும் இல்லை, முதல் முறை போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சொந்த ஓட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீடு காட்பாடியில். மாவட்டம் வேலூர்தான், ஆனால் மக்களவைக்கு காட்பாடி அரக்கோணம் தொகுதியில் வருகிறது. டியூட்டி போட்டதோ அணைக்கட்டில், அது வேலூர் தொகுதி. ஒரே மக்களவைத் தொகுதிக்குள் டியூட்டி என்றால் இ.டி.சி. என்ற தேர்தல் பணிச் சான்றிதழ் வாங்கி வேலை பார்க்கும் சாவடியிலேயே போட்டுவிடலாம், எனக்குத் தபால் ஓட்டுதான். முன்பு போல கவரை வீட்டுக்கு எடுத்துப்போய் சாவகாசமாக அனுப்புவதெல்லாம் இப்போது இல்லை, பயிற்சி நடக்கும் இடத்தில் வைத்திருக்கும் மையத்திலேயே போட்டுவிட வேண்டும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு முதல் பயிற்சியிலேயே தபால் ஓட்டுக்கான விண்ணப்பமான படிவம் 12-ஐக் கொடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

எந்த ஊர் என்பது முந்தைய நாள்தான் தெரியும். எங்களுக்கு விழுந்தது ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஊர், தொடக்கப்பள்ளியில் ஒரே ஒரு சாவடி. ஏப்ரல் வெயில், ஒரே ஃபேன், கொசு. சத்துணவு அம்மா காசு வாங்கிக்கொண்டு உப்புமா செய்து கொடுத்தார். மண்டல அலுவலர் வண்டியில் மெஷின் வந்து சேர இரவாகிவிட்டது.

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் மாதிரி வாக்குப்பதிவு. கட்சி ஏஜெண்டுகள் முன்னால் 50 ஓட்டாவது போட்டுக் காட்டி, கணக்கைச் சரிபார்த்து, மெஷினில் அழித்துவிட வேண்டும். அதோடு முடியவில்லை. போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபாட் பெட்டிக்குள் விழுந்த சீட்டுகளை எடுத்து எண்ணி, ஒவ்வொன்றின் பின்னாலும் முத்திரை குத்தி, கருப்புக் கவரில் போட்டு சீல் வைக்க வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள். அழிக்க மறந்தாலோ சீட்டை உள்ளேயே விட்டாலோ பின்னால் பெரிய தலைவலி.

என் வேலை பெயரைச் சத்தமாகப் படித்து, பட்டியலில் கோடு போடுவது. பெண் என்றால் வரிசை எண்ணுக்கு வட்டமும். அந்த நாற்காலியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் ஊரே புரிந்துவிடும். ஏழு மணிக்கே வயதானவர்கள் வந்துவிட்டார்கள், பிறகு சமையல் முடித்த பெண்கள். அடையாளத்துக்கு நூறு நாள் வேலை அட்டையைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அது செல்லும், பூத் சிலிப் மட்டும் இருந்தால்தான் செல்லாது. பதினொரு மணிக்கு மேல் ஈ காக்கை இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சதவீதம் கேட்டு போன் வரும், எங்கள் எண்ணிக்கை அசையவே இல்லை.

எனக்குக் கவலையாகிவிட்டது. ஏஜெண்டுகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எதிரெதிர் கட்சிக்காரர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் டீயை ஒருவர் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். "பசங்கல்லாம் பெங்களூர்ல கீறாங்க டீச்சர், பஸ் ஏறிட்டாங்க, மூணு மணிக்கு மேல பாருங்க" என்றார் ஒருவர். அப்படியே நடந்தது. மூன்றரைக்கு ஆரம்பித்த கூட்டம் ஆறு மணிக்கும் குறையாமல், வரிசையின் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

ஓட்டு குறைந்த ஊரைப் பார்த்து ஆர்வமில்லை என்று பேசுவதை நான் நம்புவதில்லை. எங்கள் பாகத்துப் பட்டியலில் இறந்தவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், குடும்பத்தோடு ஓசூர் பக்கம் போனவர்கள் என்று ஏ.எஸ்.டி. பட்டியல் (ஊரில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர்) தனியாகவே நீண்டிருந்தது. சதவீதம் போடும்போது அத்தனை பெயர்களும் கீழே சேர்ந்துதான் வகுபடுகின்றன. இதே மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு நான் போன சாவடியில் மத்தியானத்துக்குள் முக்கால்வாசிப் பேர் போட்டுவிட்டார்கள். நான்கு நிறத்தில் நான்கு வாக்குச்சீட்டு, ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. நிற்பது பங்காளியோ மாமனோ, போடாமல் இருந்தால் மறுநாள் முகத்தில் விழிக்க முடியாதே!

யார் எந்தக் கட்சி என்பதும் அங்கே ரகசியமில்லை. ஒரு பாட்டி மையைக் காட்டிக்கொண்டே, தன் வீட்டு ஆள் இருந்த காலத்திலிருந்து எந்தச் சின்னம் என்று சொல்லத் தொடங்க, தலைமை அலுவலர் பதறிப்போய் "அம்மா, உள்ள போய் போடுங்க, சொல்லாதீங்க" என்றார். பெஞ்சில் எல்லாக் கட்சியும் சிரித்தது. தனி ஆளின் ஓட்டு ரகசியம், சரி. ஆனால் முடிவுக்குப் பின் வரும் படிவம் 20-ல் சாவடிவாரியாக ஓட்டு வெளியாகிறது, ஒரே சாவடி உள்ள ஊர் என்றால் ஊரின் சாய்வு அப்படியே பதிவாகிவிடும். குடிநீர்க் குழாய், சாலை என்று கேட்டுப் போகும்போது கட்சிக்காரர்கள் இதைத்தான் புரட்டுவார்கள் என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். எனக்கு இது பிடிக்காத விஷயம், சின்ன ஊர்களையாவது சேர்த்து எண்ணினால் என்ன?

ஏஜெண்டுகள் இவ்வளவு கணக்குப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. 2019-ல் பணம் பிடிபட்டு ஏப்ரல் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல் நடந்தபோது வேலூரில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் ஏ.சி.சண்முகத்தை வென்ற வித்தியாசம் வெறும் 8,141 ஓட்டு. 2024-ல் அதே கதிர் ஆனந்த், அதே ஏ.சி.சண்முகம், வித்தியாசம் 2 லட்சத்தைத் தாண்டியது.

வாக்குப்பதிவு முடிந்ததும், ஓட்டுப் போட வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டின் எண்ணிக்கையும் மெஷின் காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பதிவான ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தின் நகலை ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். வெற்றுப் படிவங்களில் பொதுவான விவரங்களை மத்தியானம் ஆள் இல்லாத நேரத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள், இரவில் கை ஓடாது. நகலை வாங்கிய ஏஜெண்டுகள் அங்கேயே பின்பக்கம் திருப்பி, யாருக்கு எத்தனை விழுந்திருக்கும் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி நடுநிசியில்தான் வந்தது. தண்ணீர் கேன், கொசுவர்த்தி, கூடவே கைவிளக்கு ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள்.