மாடிப் பூங்கா மதிலிலிருந்து குடியம் குகை வரை

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு, கோட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது செஞ்சியோ வேலூரோ அல்ல, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மாடிப் பூங்காதான். 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுப் போன பிறகும், 1767இல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் வாசல்வரை வந்து மிரட்டிச் சென்ற பிறகும், கறுப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கும்பினியார் எழுப்பிய மதிலில் எஞ்சி நிற்கும் துண்டு அது. மதில் கட்டிய செலவை மக்கள் தலையில் வரியாகச் சுமத்த எண்ணினார்கள். வரி வசூலாகவே இல்லை, 'மதில் வரி' என்று பொருள்படும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சிறு வயதில் அந்த மதிலின் மேல் ஏறி நின்று, ஏதோ நாட்டைக் காக்கும் தளபதியைப் போல ரயில் தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பழக்கமே பின்னாளில் இடிபாடுகளைத் தேடிப் போகும் ஆசையாக வளர்ந்திருக்க வேண்டும்.

அந்த ஆசை என்னை முதலில் பழவேற்காட்டுக்குத்தான் கொண்டுபோனது. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, 1690இல் அவர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொள்ளும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய அதிகார மையமாக இருந்தது. இன்று அங்கே போகிறவர் கோட்டையைப் பார்ப்பதில்லை; முள்மரங்கள் அடர்ந்த மேட்டையும் அதைச் சுற்றிய அகழியையும்தான் பார்க்கிறார். அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கோட்டையோ காட்டிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

பழைய கற்கால மனிதர்களின் தடயங்கள் கிடைத்த குகைகளுள்ள குடியத்துக்குப் போகும் எண்ணம் எனக்கு ஒரு புத்தகத்தைப் படித்து வந்ததல்ல. என் பெரியம்மா மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறவர். ஒருநாள் கரையில் உட்கார்ந்திருந்தபோது, "இந்த ஆறு எங்கேருந்துடா வருது?" என்று கேட்டார். கொசஸ்தலை ஆற்றுக்கு இவ்வளவு அருகில் வாழ்ந்தும், அதன் கடைசிச் சில கிலோமீட்டர்களுக்கு அப்பால் எனக்கும் எதுவும் தெரியாது. சுமார் 136 கிலோமீட்டர் ஓடிவந்து எண்ணூரில் கடலைச் சேரும் அந்த ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்துதான் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் சோழவரம், புழல் வழியாக வருகிறது என்பதையும், அதே பூண்டிக்கு அருகில்தான் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கமும் குடியமும் இருக்கின்றன என்பதையும் அதன் பிறகே தெரிந்துகொண்டேன்.

மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் அண்ணனுடைய பைக்கில் கிளம்பினோம். செங்குன்றம் தாண்டித் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் ஐந்து நிமிடம் நின்று, ஆறு மணலாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பூண்டியை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குடியம் கிராமத்தில், காட்டுப் பாதை தெரிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். வனத்துறையின் காப்புக்காடு என்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்வதும், ஊர்க்காரர் ஒருவரோடு போவதும் இரண்டுமே அவசியம். கிளைபிரியும் ஒற்றையடிப் பாதைகளில் கைப்பேசி வரைபடம் எங்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

காடு என்றதும் குளிர்ந்த சோலையைக் கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இது காரை, களா, சூரை என்று ஆடையைப் பிடித்து இழுக்கும் முட்செடிகளும், உயரம் குறைந்த மரங்களும் நெருங்கிய வறண்ட புதர்க்காடு. பாதை முழுவதும் உருண்டை உருண்டையான கூழாங்கற்கள், முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை, காலுக்கடியில் புரண்டுகொண்டே இருந்தன. கடலுக்கு இவ்வளவு தூரத்தில், மேட்டு நிலத்தில், ஆற்றங்கரைக் கற்கள் ஏன் கிடக்கின்றன என்று அண்ணன் மூன்று முறை கேட்டார். குகை கண்ணில் பட்ட பிறகுதான் அதற்கு விடை கிடைத்தது.

முதல் குகை சிறியது. அதனுள் ஊரார் வழிபடும் அம்மன் இருக்கிறாள். மஞ்சளும் குங்குமமும் அப்பிய கல்லுக்கு முன்னால் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், நாங்களும் கும்பிட்டோம். அங்கிருந்து மேலும் நடந்து, ஒரு திருப்பத்தில் புதர் விலகியதும் பெரிய குகை திடீரென்று எதிரே நிற்கிறது. சரியாகச் சொன்னால் அது குகை அல்ல. மலையின் அடிவயிற்றை யாரோ அள்ளி எடுத்துவிட்டது போல உட்குழிந்து, மேற்பாறை கூரையாக நீண்டு நிற்கும் பெரிய பாறை மறைவு. அதன் சுவரைத் தொட்டுப் பார்த்தால், வழியில் காலை இடறிய அதே கூழாங்கற்கள் செம்மண் காரையில் பதித்தது போல ஆயிரமாயிரமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் நீர் உருட்டிக் கொண்டுவந்து குவித்த கற்கள், மணலோடும் களிமண்ணோடும் இறுகிப் பாறையாகி, அந்தப் பாறை இப்போது மழையில் கரைந்து, கற்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருக்கிறது. மாடிப் பூங்கா மதிலின் செங்கல்லையும் சுண்ணாம்பையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இது மனிதக் கை படாமல் எழுந்த மதிலாகவே தோன்றியது.

அந்தக் கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையைச் சேர்ந்தவை. இந்தப் பகுதியின் பழைய கற்கால மனிதர்கள் கைக்கோடரிகளைச் செதுக்கியதும் குவார்ட்சைட்டில்தான். அரசர்கள் கோட்டை கட்டினால் கல்லை ஓரிடத்தில் வெட்டி, ஆயுதத்தை வேறிடத்தில் அடித்து, இரண்டையும் மலைமேல் சுமக்க வேண்டியிருந்தது. இங்கே உறைவிடத்தின் சுவரே ஆயுதக் கிடங்காகவும் இருந்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் முதல் கைக்கோடரியைக் கண்டெடுத்து, அதே ஆண்டு செப்டம்பரில் தம்முடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்தை அடைந்தார். அத்திரம் என்ற சொல்லுக்கு எறிபடை என்று பொருள் இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது. குடியம் குகையில் 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி அகழாய்வு செய்து, பழைய கற்காலக் கருவிகளிலிருந்து நுண்கற்கருவிகள் வரை வெவ்வேறு காலத்தவற்றை மண்ணடுக்குகளில் கண்டார். மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை.

பள்ளிப் புத்தகங்கள் நம் மனத்தில் பதித்த 'குகை மனிதன்' என்ற படத்தை நான் அங்கேதான் உதறினேன். ஏனென்றால், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்திரம்பாக்கத்தில் குகையே கிடையாது. கொசஸ்தலையில் சேரும் ஓர் ஓடையின் அருகே, திறந்த வெளியில்தான் அந்த மனிதர்கள் திரும்பத் திரும்ப வந்து கருவி செய்திருக்கிறார்கள். சாந்தி பாப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழு 1999 முதல் அங்கே அகழ்ந்து, மிகப் பழைய கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் வயது என்று 2011இல் வெளியிட்டது. கல் மண்ணுக்கு மேலே கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் பட்டு அதில் பெரிலியம்-10, அலுமினியம்-26 ஆகிய அணுக்கள் உருவாகின்றன. கல் ஆழத்தில் புதைந்ததும் அவை வெவ்வேறு வேகத்தில் அழியத் தொடங்குகின்றன. மிச்சமிருக்கும் விகிதத்தைக் கொண்டு புதைந்த காலத்தைக் கணிக்கிறார்கள். அதே குழு 2018இல், அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கைக்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுச் சில்லு பெயர்க்கும் இடைப் பழங்கற்கால நுட்பம் தொடங்கிவிட்டது என்று காட்டியது. இந்தியாவில் அது மிகப் பிந்தியே வந்தது என்ற பழைய கருத்து அதோடு ஆட்டம் கண்டது.

குகையின் கூரையிலிருந்து மலைத்தேன் அடைகள் கறுப்பு முறம் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. "சத்தம் போடாதீங்க தம்பி, சென்ட்டு கிண்ட்டு அடிச்சிருந்தா கிட்ட போவாதீங்க" என்று பெரியவர் முன்னமே எச்சரித்திருந்தார். அதை மீறிச் சுவரில் பெயர் கீறிவிட்டுப் போனவர்களின் காதல் சின்னங்களையும் பார்த்தோம். அவர்களைத் தேனீக்கள் எப்படி விட்டுவைத்தன என்பது எனக்கு விளங்காத நீதி.

குகைக்குப் பக்கவாட்டில் உள்ள சரிவில் ஏறி மேலே போனால் பார்வைக்கு எல்லையே இல்லை. கூரை ஒன்றுகூடத் தென்படாத பச்சை, அலை அலையாகத் தாழ்ந்து போய்ச் சாம்பல் நிறத்தில் கரைகிறது. பூண்டி ஏரி எந்தத் திசை என்று பெரியவர் கையை நீட்டிக் காட்டினார்; வெயில் புகையில் எங்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கையில் இருந்த தண்ணீரெல்லாம் அங்கேயே தீர்ந்துபோனது. ஆளுக்கு 2 லிட்டராவது எடுத்துப் போக வேண்டும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இறங்கும்போது அண்ணன் ஒரு கல்லைப் பொறுக்கினார். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தும், உள்ளங்கைக்கு அளவெடுத்தது போல இருந்தது. அதை அவர் பையில் போட்டதைக் கவனித்த பெரியவர், கோபப்படாமல், "இங்கேருந்து எதையும் எடுத்துட்டுப் போவக் கூடாதுப்பா" என்றார். அண்ணன் தயங்கித் தயங்கி எடுத்த இடத்திலேயே வைத்தார்.

திரும்பும் வழியில், தமிழகத் தொல்லியல் துறை 1985 முதல் பூண்டியில் நடத்திவரும் தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்குள் நுழைந்தோம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கண்ணாடிப் பேழைக்குள் வரிசையாக வைக்கப்பட்டிருந்த கைக்கோடரிகளின் முன்னால் அண்ணன் வெகுநேரம் நின்றார். பிறகு விரலால் ஒன்றைச் சுட்டிக்காட்டி, "நான் வச்சிட்டு வந்தது இதே மாதிரிதான்டா இருந்துச்சு" என்றார். இயற்கையில் உடைந்த கல்லுக்கும் மனிதன் உடைத்த கல்லுக்கும் வேறுபாடு சொல்லும் பயிற்சி எனக்கு இல்லாததால் நான் பதில் சொல்லவில்லை. புழலைத் தாண்டும்வரை அவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.